கோமாரித் தடுப்பூசிப் பணம் எங்கே நிற்கிறது? கால்நடை நல நிதியும் கண்காணிப்பும்

மந்தைவெளி (இழையைத் தொடங்கியவர்)

தடுப்பூசிச் சுற்று தள்ளிப்போகும்போது மருந்தகத்தில் கேட்டால் "மருந்து வரவில்லை" என்பார்கள். மாவட்ட அலுவலகத்தில் "நிதி இன்னும் விடுவிக்கவில்லை" என்பார்கள். சட்டமன்றத்தில் "போதிய நிதி ஒதுக்கப்பட்டுள்ளது" என்று பதில் வரும். மூன்றும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியுமா?

தமிழ்நாட்டில் 2019 கணக்கெடுப்புப்படி மாடுகள் மட்டும் சுமார் 95 லட்சம், செம்மறி ஆடுகள் 45 லட்சம். வெள்ளாடுகள் மாட்டின் எண்ணிக்கையையும் தாண்டும். இத்தனைக்கும் நோய்த்தடுப்புப் பொறுப்பு கால்நடை பராமரிப்புத் துறையிடம் இருக்கிறது. பணம் எந்த வழியாக வருகிறது, எந்த இடத்தில் தங்குகிறது, யார் யாரைத் தணிக்கை செய்கிறார்கள் என்று விவரம் தெரிந்தவர்கள் எழுதினால் பலருக்கும் உதவும். திட்டித் தீர்க்க வேறு இழைகள் உள்ளன. இங்கே விவரம் வேண்டும்.

மானியக்கோரிக்கை

மூன்று பதிலும் ஒரே நாளில் உண்மையாக இருக்க முடியும், ஐயா. சிக்கலே அங்கேதான்.

அடிப்படையிலிருந்து தொடங்குகிறேன். அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 15-வது இனம் கால்நடைப் பாதுகாப்பையும் கால்நடை நோய்த் தடுப்பையும் மாநிலத்துக்குத் தருகிறது. ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு நோய் பரவாமல் தடுப்பது பொதுப் பட்டியலின் 29-வது இனம். கோமாரி எல்லை பார்த்து நிற்பதில்லை என்பதால் ஒன்றிய அரசு இந்த வழியாக உள்ளே வருகிறது, பணத்தோடு வருகிறது.

மாநில வரவு செலவுத் திட்டத்தில் கால்நடை பராமரிப்பு என்பது மானியக் கோரிக்கை எண் 6. செலவைக் கணக்கில் எழுதும் பெருந்தலைப்பு 2403, அதன் கீழ் 101 என்ற சிறுதலைப்பு கால்நடை மருத்துவப் பணிகளுக்கும் நலத்துக்கும் உரியது. கட்டடங்கள் போன்ற மூலதனச் செலவு 4403-ல் வரும். மருந்தகக் கட்டடங்களில் ஒரு பகுதி நபார்டு வங்கியின் ஊரகக் கட்டமைப்பு நிதிக் கடனில் எழும்புகிறது. 2403-ஐத் திறந்து பார்ப்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது சம்பளத்தின் பங்கு. மருத்துவர், ஆய்வாளர், பராமரிப்பு உதவியாளர் சம்பளம் போனபின் மருந்து, எரிபொருள், பயணப்படி, மின்கட்டணம், பழுதுபார்ப்பு ஆகியவற்றுக்கு மிஞ்சுவது எவ்வளவு என்பதுதான் களத்தில் வேலை நடக்குமா என்பதைச் சொல்லும். "துறைக்கு இவ்வளவு கோடி" என்ற தலைப்புச் செய்தியை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

தடுப்பூசிக்குப் பெரும்பணம் ஒன்றியத் திட்டத்திலிருந்து வருகிறது. 2019 செப்டம்பர் 11 அன்று மதுராவில் தொடங்கப்பட்ட தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் கோமாரிக்கும் கன்று வீச்சு நோய்க்கும் உரியது. ஐந்தாண்டுக்கு 13,343 கோடி ரூபாய், முழுவதும் ஒன்றியப் பங்கு. 2021-22-ல் இதையும் மற்றவற்றையும் கால்நடை நலம் மற்றும் நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் என்ற ஒரே குடையின் கீழ் கொண்டுவந்தார்கள். அதில் கோமாரி, கன்று வீச்சு, ஆட்டுக்கொல்லி, பன்றிக் காய்ச்சல் ஆகிய நான்குக்கும் 100 சதவீதம் ஒன்றியம் தருகிறது. தொண்டை அடைப்பான், சப்பை நோய், அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்), நீலநாக்கு என மாநிலம் தனக்கு முக்கியம் என்று தேர்ந்தெடுக்கும் நோய்களுக்கு 60:40 (ஒன்றியம் 60, மாநிலம் 40). நடமாடும் மருத்துவ ஊர்தி வாங்க 100 சதவீதம், ஓட்டும் செலவுக்கு 60:40. 2025 மார்ச்சில் ஒன்றிய அமைச்சரவை இதை 2024-25, 2025-26 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்கு 3,880 கோடியில் திருத்தி ஒப்புதல் அளித்தது. அதில் 75 கோடி மலிவு விலைக் கால்நடை மருந்துக் கடைகளுக்கு.

இனி பணம் நிற்கும் இடம். 2021 ஜூலையிலிருந்து ஒன்றிய நிதியுதவித் திட்டம் ஒவ்வொன்றுக்கும் மாநிலத்தில் ஒரே ஒரு முனைய முகமையும் (திட்டப் பணத்தைப் பெற்றுக் கணக்கு வைக்கும் அலுவலகம்) ஒரே வங்கிக் கணக்கும் இருக்க வேண்டும். ஆண்டுக்கு உரிய தொகையில் ஒரு தடவைக்கு 25 சதவீதத்துக்கு மேல் விடுவிப்பதில்லை. முன்பு வந்ததில் 75 சதவீதம் செலவானதாகக் கணக்குக் காட்டி, மாநிலப் பங்கையும் செலுத்தியபின்தான் அடுத்த தவணை. ஒன்றியப் பங்கு மாநிலக் கருவூலத்துக்கு வந்தபின் 30 நாளுக்குள் முனைய முகமைக் கணக்குக்குப் போகாவிட்டால் ஆண்டுக்கு 7 சதவீத வட்டியை மாநிலம் கட்ட வேண்டும். இந்த வட்டி விதி 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது.

இதன் நோக்கம் நல்லதுதான். பல்லாயிரம் கோடி ரூபாய் வங்கிகளில் சும்மா கிடந்ததைத் தடுக்க வந்த ஏற்பாடு அது. ஆனால் 38 மாவட்டங்களில் பல மாவட்டங்கள் செலவுப் பதிவைப் பொதுநிதி மேலாண்மை இணையத்தில் ஏற்றத் தாமதித்தால் மாநிலத்தின் மொத்தச் சதவீதம் 75-ஐத் தொடாமல் போகும். அப்போது சரியாக வேலை செய்த மாவட்டத்துக்கும் அடுத்த தவணை வராது. "நிதி ஒதுக்கப்பட்டுள்ளது", "விடுவிக்கப்படவில்லை" என்ற இரண்டும் ஒரே நாளில் உண்மையாவது இப்படித்தான்.

"மருந்து வரவில்லை" என்பது தனிக் கதை. கோமாரித் தடுப்பூசியை ஒன்றியமே மொத்தக் கொள்முதல் செய்து பொருளாக அனுப்புகிறது. பணமாக வருவது முகாம் நடத்தும் செலவு, குளிர்சங்கிலி, காது வில்லை, விளம்பரம் போன்றவற்றுக்கு. மருந்தும் பணமும் இரண்டு தனிப்பாதைகளில் வந்து ஒரே வாரத்தில் சந்திக்க வேண்டும். ஒன்று முந்தினால் மற்றொன்றுக்காகக் காத்திருக்கத்தான் வேண்டும்.

பனிப்பெட்டி

மருந்து காத்திருப்பது பற்றிச் சொன்னீர்கள். களத்தில் அது எப்படித் தெரியும் என்று எழுதுகிறேன்.

கோமாரித் தடுப்பூசி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். வெப்பம் கெடுக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். உறைந்தாலும் கெடும் என்பது பலருக்குத் தெரியாது. இது எண்ணெய் கலந்த குழம்பு. உறைந்து உருகினால் குழம்பு முறிந்து எண்ணெயும் நீரும் பிரியும், பிறகு குலுக்கிச் சேர்த்தாலும் பயன் இல்லை. வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் உறைவிப்பான் தட்டுக்குக் கீழே குப்பிகளை ஒட்டி வைப்பதும், உறைவிப்பானிலிருந்து எடுத்த பனிக்கட்டிப் பொதிகளை அப்படியே சுமைப்பெட்டியில் குப்பியோடு சேர்த்து அடைப்பதும்தான் வழக்கமான தவறுகள். பொதியை வெளியே எடுத்து வைத்து, குலுக்கினால் உள்ளே நீர் அசையும் ஓசை கேட்கும்வரை பொறுத்து அதன்பிறகு அடுக்க வேண்டும்.

ஆட்டுக்கொல்லித் தடுப்பூசி வேறு வகை. உலர்பொடி வடிவ உயிர்த் தடுப்பூசி. கரைக்கும் நீரும் குளிர்ந்திருக்க வேண்டும், கரைத்தபின் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், ஆட்டுக்கு 1 மி.லி. தோலுக்கடியில். காலை ஆறு மணிக்குள் கரைத்து ஏழரைக்குள் பட்டியை முடிப்பதுதான் சரி. ஆடுகள் மேய்ச்சலுக்குப் போனபின் முகாம் வண்டி வந்தால் ஒன்று மருந்து வீணாகும், அல்லது நேரம் கடந்த மருந்து ஊசியில் ஏறும். இரண்டாவதுதான் ஆபத்து. பதிவேட்டில் ஆடு பாதுகாக்கப்பட்டதாக இருக்கும், உடலில் எதிர்ப்புச் சக்தி இருக்காது. (இந்தத் தடுப்பூசிக்குப் பயன்படும் நுண்ணுயிர் வகைகளில் அரசூர் 87, கோயம்புத்தூர் 97 இரண்டும் நம் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் உருவானவை. இத்தனை அறிவு உள்ள மாநிலத்தில் கடைசி ஐந்து கிலோமீட்டரில் தோற்பது மனதை வருத்துகிறது.)

நிதியோடு இதற்கு என்ன தொடர்பு என்றால், குளிர்பதனப் பெட்டி வாங்க ஒன்றியத் திட்டத்தில் பணம் கிடைக்கும். அந்தப் பெட்டிக்கு மின்கட்டணம், மின்னழுத்த நிலைப்படுத்தி பழுதானால் மாற்றுவது, மின்தடையில் மின்னாக்கிக்கு டீசல் போன்ற தொடர்செலவு மாநிலத்தின் அலுவலகச் செலவுத் தலைப்பில் விழும். முதலில் வெட்டப்படுவது அந்தத் தலைப்புதான். பெட்டி இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் ஆம் என்ற பதில் வரும். நாளுக்கு இருமுறை எழுதிய வெப்பநிலைப் பதிவேட்டைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். ஒரே மையில், ஒரே கையெழுத்தில், ஞாயிற்றுக்கிழமை உட்பட ஒரு மாதம் முழுவதும் "5 டிகிரி" என்று இருந்தால் அது பிறகு உட்கார்ந்து நிரப்பியது.

மந்தைவெளி

பனிப்பெட்டி சார், பணம் மூன்று மாதம் தாமதமானாலும் மார்ச்சுக்குள் முழுவதும் செலவாகிவிட்டதே, அப்புறம் என்ன இழப்பு என்று சிலர் கேட்கிறார்கள். அதற்கு என்ன பதில்?

பனிப்பெட்டி

கன்றின் வயதுதான் பதில்.

கன்று வீச்சு நோய்த் தடுப்பூசி 4 முதல் 8 மாத வயதுக் கிடேரிக் கன்றுக்கு மட்டும், வாழ்நாளில் ஒரே தடவை. காளைக் கன்றுக்குக் கிடையாது, சினை மாட்டுக்குப் போடவே கூடாது. அந்த வாய்ப்பு நான்கு மாதம்தான் திறந்திருக்கும். சுற்று ஐந்து மாதம் தள்ளிப்போனால், முதலில் போட வேண்டிய நாளில் தகுதியாக இருந்த கன்று ஒன்றுகூட மிஞ்சாது. மார்ச்சில் அதே எண்ணிக்கை ஊசியைப் புதிய கன்றுகளுக்குப் போட்டுச் செலவைக் காட்டலாம். விடுபட்ட கிடேரிகள் வளர்ந்து ஏழு, எட்டு மாதச் சினையில் கன்று வீசும்போது அந்தக் கணக்கு எந்தப் பதிவேட்டிலும் வராது. அந்த நஞ்சுக்கொடியை வெறுங்கையால் எடுப்பவருக்கும், காய்ச்சாத பாலைக் குடிப்பவருக்கும் விட்டுவிட்டு வரும் காய்ச்சலும் மூட்டுவலியும் தொற்றும்.

கோமாரிக்கு நான்கு மாதத்தில் முதல் ஊசி, நான்கு வாரம் கழித்து ஊக்க ஊசி, பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை. இடைவெளி ஒன்பது, பத்து மாதம் ஆனால் மந்தையின் எதிர்ப்புச் சக்தி சரிந்துவிடும். ஊக்க ஊசி கிடைக்காத இளங்கன்றுகள் முதலில் விழும். 2013-ல் தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் கோமாரி எப்படிப் பரவியது என்பது மாடு வளர்ப்பவர்களுக்கு மறக்காது.

அடைப்பான், தொண்டை அடைப்பான், சப்பை நோய் மூன்றுக்கும் மழைக்கு முன் ஊசி முடிய வேண்டும். தென்மாவட்டங்களில் செம்மறிக்கு வரும் நீலநாக்கும் வடகிழக்குப் பருவமழையோடு பெருகும் சிறு கொசுவகைப் பூச்சியால் பரவுவது. ஆகஸ்டு, செப்டம்பரில் போட வேண்டியதை ஜனவரியில் போட்டால் செலவுக் கணக்கு சரியாக இருக்கும், ஆடு செத்திருக்கும்.

செவிவில்லை

தணிக்கையில் எதை எண்ணுகிறார்கள் என்பதையும் பேச வேண்டும். இன்றைய கண்காணிப்பு முழுக்க "எத்தனை ஊசி" என்பதிலேயே நிற்கிறது.

12 இலக்கக் காது வில்லை எண்ணோடு முன்பு இனாஃப் என்ற இணையத்திலும், இப்போது பாரத் பசுதன் தளத்திலும் ஒவ்வொரு ஊசியும் பதிவாகிறது. இது பெரிய முன்னேற்றம், மறுக்கவில்லை. ஆனால் சதவீதம் கணக்கிட வகுக்கும் எண் 2019 கணக்கெடுப்பு. மாடு குறைந்து ஆடு பெருகிய ஊராட்சி ஒன்றியங்களில் மாட்டுக்கு எட்ட முடியாத இலக்கும், ஆட்டுக்கு எளிதில் 100-ஐத் தாண்டும் இலக்கும் கிடைக்கும். எட்ட முடியாத இலக்கு கொடுத்தால் என்ன நடக்கும்? வில்லை கழன்ற மாட்டுக்குப் புது வில்லை போட்டு, பழைய எண்ணிலும் புது எண்ணிலும் பதிவு ஏறும். விற்றுப்போன மாட்டின் எண்ணில் பதிவு ஏறும். பதிவேற்றுபவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஒரு நாளைக்கு இத்தனை என்று கேட்டால் எண்தான் வரும்.

இதை உடைக்கும் கேள்வி குருதி ஆய்வு. தடுப்பூசி போடும் நாளில் குறிப்பிட்ட மாடுகளிடம் இரத்தம் எடுத்து, சுமார் 28 நாள் கழித்து அதே மாடுகளிடம் மறுபடி எடுத்து, ஓ, ஏ, ஆசியா-1 ஆகிய மூன்று வகைகளுக்கும் எதிர்ப்புப் பொருள் எந்த அளவு ஏறியது என்று பார்ப்பது. திட்டத்திலேயே இதற்கு இடமும் பணமும் உண்டு. கூடவே, தடுப்பூசியால் வராமல் நோய்த் தொற்றால் மட்டும் வரும் எதிர்ப்புப் பொருளைத் தனியே கண்டறியும் சோதனையும் உண்டு. அது எத்தனை சதவீத மாடுகளில் இருக்கிறது என்பது அந்த வட்டாரத்தில் கண்ணுக்குத் தெரியாமல் கிருமி சுற்றுகிறதா என்பதைக் காட்டிக்கொடுக்கும்.

95 சதவீதம் ஊசி போட்டதாகப் பதிவு உள்ள ஊராட்சி ஒன்றியத்தில் 28-ம் நாள் குருதியில் பாதி மாடுகள்கூடத் தேறவில்லை என்றால் மூன்றில் ஒன்று: மருந்துத் தொகுதி சரியில்லை, குளிர்சங்கிலி முறிந்தது, ஊசி மாட்டுக்குள் போகவில்லை. மூன்றையும் பிரித்தறியவும் வழி உண்டு. அதே தொகுதி எண் போன பக்கத்து மாவட்டத்தில் முடிவு நன்றாக இருந்தால் மருந்து தப்பித்தது. அப்புறம் வெப்பநிலைப் பதிவேடு. அதுவும் சரியாக இருந்தால் பதிவுகளின் நேரமுத்திரை. ஒரே ஆள் ஒரு மணி நேரத்தில் 300 மாட்டுக்கு ஊசி போட்டதாக இருந்தால் கேள்வி முடிந்தது.

இந்த முடிவுகளை மாவட்ட வாரியாக, சுற்று முடிந்த மூன்று மாதத்துக்குள் வெளியிட வேண்டும். என்னைக் கேட்டால் துறை மீதான கண்காணிப்பில் வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்ய வேண்டும்.

தார்க்குச்சி

எல்லாம் சரி. இதற்கெல்லாம் காரணம் அரசுத்துறை என்பதுதான். நடமாடும் ஊர்தியைப் போல மொத்தத்தையும் ஒப்பந்தத்தில் விட்டால் வேலை நடக்கும். 1962 என்ற தொலைபேசி எண்ணுக்கு அழைத்தால் வண்டி வருகிறதே?

மானியக்கோரிக்கை

தார்க்குச்சி, ஊர்தி வந்ததால் பலன் உண்டு. ஒரு லட்சம் கால்நடைக்கு ஒரு வண்டி, அதில் ஒரு மருத்துவர், ஒரு உதவியாளர், ஓட்டுநர். மாடு கன்று போட முடியாமல் கிடக்கும்போது ஏழு கிலோமீட்டர் நடத்திக்கொண்டு போக முடியாது, வண்டிதான் வர வேண்டும்.

ஆனால் ஒப்பந்தம் என்பது கண்காணிப்புக்கு மாற்று ஆகாது. கண்காணிக்க வேண்டிய இடம் மாறும், அவ்வளவுதான். ஒப்பந்தத்தில் பணம் எதற்குக் கொடுக்கிறோம் என்ற வரியைப் படிக்க வேண்டும். வண்டி சாலையில் நின்ற நாளுக்கா, ஓடிய கிலோமீட்டருக்கா, பார்த்த மாட்டுக்கா? நாளுக்கு என்றால் மருத்துவர் இல்லாத வண்டியும் கட்டணம் பெறும். மாட்டுக்கு என்றால் ஒரே தெருவில் இருபது மாட்டுக்குக் குடற்புழு மருந்து கொடுத்து எண்ணிக்கை ஏற்றலாம், தொலைவில் உள்ள கடினப் பிரசவத்துக்குப் போவது நட்டம். அழைப்பு வந்த நேரம், வண்டி சேர்ந்த நேரம், மருத்துவர் இல்லாத நாளுக்குப் பிடித்தம் ஆகிய மூன்றும் ஒப்பந்தத்தில் இருந்து, அதன் மாதாந்திரப் பிடித்தத் தொகையும் வெளியே தெரிந்தால் நம்பலாம். எந்த மாதமும் பிடித்தம் சுழியம் என்றால் யாரும் சரிபார்க்கவில்லை என்று பொருள்.

தடுப்பூசியும் நோய்ப் புலனாய்வும் இன்னும் வேறு. அழைத்தால் வரும் சேவை அல்ல அவை. யாரும் அழைக்காத ஊருக்கும் போக வேண்டும். 2009-ம் ஆண்டுக் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம் கட்டுப்பாட்டுப் பகுதி அறிவிப்பது, சந்தையை மூடுவது, போக்குவரத்தை நிறுத்துவது போன்ற அதிகாரங்களை அரசுக்குத் தருகிறது. அவற்றை ஒப்பந்தக்காரரிடம் கொடுக்க முடியாது. தேசிய வேளாண் ஆணையம் 1976-லேயே 5,000 கால்நடை அலகுக்கு ஒரு மருத்துவர் என்று சொன்னது. காலியிடத்தை நிரப்பாமல் வண்டியை மட்டும் பெருக்கினால், அந்த வண்டியில் ஏற்ற மருத்துவர் மருந்தகத்திலிருந்துதான் குறைவார்.

தார்க்குச்சி

பிடித்தத் தொகை விஷயம் இதுவரை யோசிக்காத கோணம். ஒப்புக்கொள்கிறேன். நோயில் செத்த மாட்டுக்கு இழப்பீடு எந்தத் தலைப்பில் வரும்?

மானியக்கோரிக்கை

பெரும்பாலும் எதிலும் வராது. மாநிலப் பேரிடர் நிவாரண விதிகளில் 2022-26 காலத்துக்குப் பால்மாட்டுக்கு 37,500, உழவு மாட்டுக்கு 32,000, கன்றுக்கு 20,000, ஆட்டுக்கு 4,000 ரூபாய் என்று உண்டு. ஆனால் அது புயல், வெள்ளம், தீ போன்ற பட்டியலிட்ட பேரிடருக்கு. கால்நடை நோய் அந்தப் பட்டியலில் இல்லை. பறவைக் காய்ச்சலில் அரசே அழிக்கும் கோழிக்கும், ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலில் அழிக்கும் பன்றிக்கும் ஒன்றியமும் மாநிலமும் பாதிப் பாதி இழப்பீடு தரும். தானாகச் செத்ததற்கு இல்லை.

மிச்சம் இருப்பது காப்பீடு. தேசியக் கால்நடை இயக்கத்தில் 2024-ல் செய்த திருத்தத்துக்குப் பின் வளர்ப்பவர் கட்ட வேண்டியது கட்டணத்தில் 15 சதவீதம், மீதியை ஒன்றியமும் மாநிலமும் 60:40. மாநிலப் பங்கு தாமதமானால் காப்பீடே தொடங்காது. இதையும் கேள்விப் பட்டியலில் சேருங்கள். மாட்டின் காதில் வில்லை இல்லாவிட்டால் உரிமைக் கோரல் நிராகரிக்கப்படும். கழன்று விழுந்தால் உடனே மருந்தகத்தில் சொல்லிப் புது எண்ணைக் காப்பீட்டிலும் மாற்ற வேண்டும்.

புலனாய்வுப்பிரிவு

ஒன்று விடுபட்டது: நோய் வந்துவிட்டதென்றால் முதல் மூன்று நாள். பணம் இல்லாமை மிகக் கொடுமையாகத் தெரிவது அங்கேதான்.

சட்டப்படி வளர்ப்பவர் கிராம அலுவலரிடமோ ஊராட்சியிடமோ தெரிவிக்க வேண்டும், அவர் எழுத்துமூலம் அருகிலுள்ள கால்நடை மருத்துவருக்கு. நடைமுறையில் தொலைபேசியில் சொல்லிவிட்டு நின்றுவிடும். எழுத்து இல்லாவிட்டால் நோய் பதிவாகாது. பதிவாகாத நோய்க்கு அவசர நிதி கேட்க முடியாது. ஆகவே இரண்டு வரியானாலும் எழுதிக் கொடுத்து நாள் போட்டு ஒப்புதல் வாங்குங்கள்.

மாதிரி எடுப்பது மாவட்டக் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவின் வேலை. கோமாரிக்கு வாயில் புதிதாக உடைந்த கொப்புளத்தின் தோல் வேண்டும், அதை நடுநிலைக் கிளிசரின் கரைசலில் போட்டுக் குளிரில் அனுப்ப வேண்டும். நான்கு நாள் கழித்துப் புண் ஆறத் தொடங்கியபின் எடுத்தால் கிருமி வகை தெரிவது கடினம். வண்டிக்கு எரிபொருள் இல்லை, கரைசல் இல்லை என்ற இரண்டு சின்னச் செலவுகளால் எந்த வகைக் கிருமி வந்தது என்பது தெரியாமலே போகும். தடுப்பூசி பொருந்தவில்லையா, போடவே இல்லையா என்ற கேள்விக்கும் அப்போது விடை கிடைக்காது. இந்தப் பிரிவுக்கு ஆட்சியரின் ஒப்புதலுக்குக் காத்திராமல் எடுத்துச் செலவழித்துப் பிறகு கணக்குக் கொடுக்கும் ஒரு சிறு நிலைமுன்பணம் இருக்க வேண்டும்.

அடைப்பான் சந்தேகம் என்றால் மட்டும் வேறு விதி. மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கருநிற இரத்தம் கசிந்து திடீரென்று செத்த மாட்டை அறுக்கவே கூடாது. காற்றுப் பட்டால் கிருமி வித்தாக மாறிப் பல்லாண்டுக் காலம் மண்ணில் கிடக்கும். காதோர இரத்தத்தில் ஒரு பூச்சு எடுத்தால் போதும். ஆறடிக்குக் குறையாத குழி, மேலும் கீழும் சுண்ணாம்பு. அந்த இடத்தைக் குறித்து வைத்து, ஆண்டுதோறும் மழைக்கு முன் அந்த ஊருக்கு ஊசி.

அதற்கான மருந்து இராணிப்பேட்டை நோய்த்தடுப்பு மருந்து நிலையத்தில் தயாராகிறது. 1932-ல் தொடங்கிய நிறுவனம். அதை நல்ல உற்பத்தி நடைமுறை விதிகளுக்கு ஏற்ப மேம்படுத்தும் முதலீடு எந்த ஆண்டிலும் ஒத்திப்போடக் கூடாத செலவு. உரிமத்துக்கு ஏற்ற கட்டடமும் காற்றுச் சுத்திகரிப்பும் இல்லாமல் போனால், நம் ஊர் நோய்களுக்கான மருந்துக்கு வெளிச்சந்தையில் நிற்க வேண்டும்.

மந்தைவெளி

அருமையான விவரங்கள். இனி யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது? தகவல் உரிமைச் சட்டத்தில் பலர் கேட்டு "தகவல் தொகுக்கப்படவில்லை" என்ற பதிலோடு நிற்கிறார்கள்.

கிராமசபை

கேள்வி தவறாக இருந்தால் அந்தப் பதில்தான் வரும். "ஏன் ஊசி போடவில்லை" என்று கேட்கக் கூடாது, அது விளக்கம். ஆவணத்தின் பெயரைச் சொல்லி நகல் கேட்க வேண்டும். மண்டல இணை இயக்குநர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, இப்படி எழுதலாம்:

"கடந்த இரண்டு கோமாரித் தடுப்பூசிச் சுற்றுகளுக்கும் இம்மாவட்டத்துக்குத் தடுப்பூசி வந்துசேர்ந்த நாள், அளவு, தொகுதி எண், காலாவதி நாள் ஆகியவை உள்ள இருப்புப் பதிவேட்டுப் பக்கங்களின் நகல்."

"அதே காலத்துக்கு மாவட்டத் தடுப்பூசிச் சேமிப்பறையின் வெப்பநிலைப் பதிவேட்டு நகல்."

"அதே சுற்றுகளுக்கு முகாம் செலவாக முனைய முகமைக் கணக்கிலிருந்து இம்மாவட்டத்துக்குச் செலவு வரம்பு அளிக்கப்பட்ட நாள், தொகை, செலவிட்ட தொகை."

"தடுப்பூசிக்கு முன்னும் பின்னும் குருதி மாதிரி அனுப்பிய கடிதங்கள், வந்த ஆய்வு அறிக்கைகள் நகல்."

30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன்பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். முதல் கேள்விக்கும் மூன்றாவது கேள்விக்கும் வரும் இரண்டு நாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மருந்து காத்திருந்ததா, பணம் காத்திருந்ததா என்பது தெரிந்துவிடும். மருந்து வந்து பணம் வராமல் இருந்தால் சென்னையைக் கேட்க வேண்டும். பணம் இருந்து மருந்து வராமல் இருந்தால் தில்லியைக் கேட்க வேண்டும். இரண்டும் இருந்தும் முகாம் நடக்கவில்லை என்றால் மாவட்டம்தான் பதில் சொல்ல வேண்டும்.

மாநில அளவில் கேட்க வேண்டியவர் சட்டமன்ற உறுப்பினர். மானியக் கோரிக்கை விவாதத்தன்று துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு அவையில் வைக்கப்படும், இணையத்திலும் கிடைக்கும். அதில் எத்தனை லட்சம் ஊசி என்று இருக்கும். வரவு செலவுப் புத்தகத்தில் அதே தலைப்புக்கு முந்தைய ஆண்டின் உண்மைச் செலவு, நடப்பாண்டின் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு என்ற மூன்று நிரல்களும் உண்டு. மதிப்பீட்டில் பெரிய தொகையும் திருத்தியதில் பாதியும் இருந்தால் அந்த ஆண்டு நடுவில் ஏதோ நின்றது. உறுப்பினர் கையில் அந்த இரண்டு எண்ணையும் கொடுத்தால் நல்ல துணைக்கேள்வி பிறக்கும்.

மானியக்கோரிக்கை

கிராமசபை சொன்னதோடு ஒன்று. தலைமைக் கணக்குத் தணிக்கையரின் அறிக்கை ஆளுநர் வழியாகச் சட்டமன்றத்துக்கு வந்து பொதுக் கணக்குக் குழுவுக்குப் போகும். அது நடந்து முடிந்த செலவைப் பல ஆண்டு கழித்துப் பார்ப்பது. கன்றுக்கு அது உதவாது, ஆனால் துறைக்கு உதவும். தணிக்கை அலுவலகம் அடுத்த செயல்திறன் தணிக்கைக்குத் தலைப்புத் தேர்வு செய்யும்போது பொதுமக்கள் அனுப்பும் ஆவணச் சான்றுள்ள கடிதங்களைப் பார்க்கும். நீங்கள் தகவல் உரிமையில் வாங்கிய பக்கங்களைச் சென்னைத் தணிக்கை அலுவலகத்துக்கு ஒரு நகல் அனுப்புங்கள். புகாராக அல்ல, சான்றாக.

பயன்பாட்டுச் சான்றிதழையும் கேட்கலாம். மாநிலம் ஒன்றியத்துக்கு அனுப்புவது பொது நிதி விதிகளின் 12-சி படிவம். அதில் செலவுத் தொகையோடு, எதை எட்டினோம் என்ற விவரமும் இருக்க வேண்டும். அந்த விவரத்தையும் பாரத் பசுதன் எண்ணையும் ஒப்பிடுங்கள்.

செவிவில்லை

தமிழ்நாடு உட்பட ஒன்பது மாநிலங்களைக் கோமாரி இல்லாப் பகுதியாக அறிவிக்க ஒன்றியம் முன்னெடுத்திருக்கிறது. அந்தத் தகுதியை உலகக் கால்நடை நல அமைப்பு தரும்போது ஊசி எண்ணிக்கையோடு நிற்காது. குருதி ஆய்வு, நோய்ப் பதிவு, எல்லைக் கட்டுப்பாடு, எழுத்துச் சான்று எல்லாவற்றையும் கேட்கும். ஆகவே நாம் இங்கே கேட்கும் ஆவணங்கள் துறைக்கே நாளை தேவைப்படுபவை. அதிகாரிகளிடம் பேசும்போது இப்படிச் சொல்லிப் பாருங்கள், கதவு சற்று எளிதாகத் திறக்கும்.

மந்தைவெளி

மிக்க நன்றி. அடுத்த கிராம சபைக்கு ஒரு தீர்மான வரைவு வேண்டும். கோமாரிச் சுற்றுக்கு நாள் குறிப்பது பற்றி.

கிராமசபை

இதை வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாளில் எது அருகில் இருக்கிறதோ அன்று வாசித்துப் பதிவேட்டில் எழுத வையுங்கள்:

"இவ்வூராட்சியில் முந்தைய கோமாரித் தடுப்பூசி போடப்பட்ட நாளிலிருந்து ஆறு மாதம் நிறைவதற்குள் அடுத்த முகாமைக் குக்கிராமம் வாரியாக, காலை 6 மணிக்குத் தொடங்குமாறு நடத்த வேண்டும் என்றும், முகாம் நாள் குறைந்தது ஏழு நாள் முன்பு தெரிவிக்கப்பட வேண்டும் என்றும், 4 முதல் 8 மாத வயதுக் கிடேரிக் கன்றுகளின் பட்டியலை ஊராட்சி தயாரித்துக் கால்நடை உதவி மருத்துவரிடம் அளிக்கும் என்றும் தீர்மானிக்கப்படுகிறது."

கடைசிப் பகுதியை விட்டுவிடாதீர்கள். கன்று எண்ணிக்கை உங்களிடமிருந்து எழுத்தில் போனால், எத்தனைக்குப் போட்டார்கள் என்று அடுத்த சபையில் கேட்க உங்களிடம் சொந்த எண் இருக்கும். பட்டியலில் உரிமையாளர் பெயர், கன்று பிறந்த மாதம், தாயின் காது வில்லை எண் மூன்றும் போதும். தீர்மான நகலை உதவி இயக்குநருக்குப் பதிவு அஞ்சலில் அனுப்பி ரசீதைத் தீர்மானப் பதிவேட்டிலேயே ஒட்டி வைக்கச் சொல்லுங்கள்.